பின்மண்டை

ஞாயிறு காலை எங்கள் தெருவுக்கு
மேட்டூர்த் தண்ணீர் வரும்.
வந்தால்தான் தலைக்குச் சாயம்.
போர் தண்ணீரில் அலசினால்
முடி தேங்காய் நாராகிவிடும் என்பது
அம்மாபேட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி.

பதினோரு வருஷமாக இதுதான் முறை.
எனக்குப் பழைய நைட்டி, அவருக்குக் கிழிந்த பனியன்,
தரையில் விரித்த மணமகள் தேவை பக்கம்,
காதோரம் வாசலின்,
கழித்துப்போட்ட பல் பிரஷ்.
முன்பக்கம் அவரவர் பார்த்துக்கொள்வோம்.
பின்மண்டை மட்டும்
அவருக்கு நான், எனக்கு அவர்.

பிறகு நாற்பது நிமிஷம் மொட்டைமாடி.
எதையும் தொடாமல், எதிலும் சாயாமல்
இரண்டு ஈரத் தலைகள்
வடக்கே ஏற்காட்டு மலையைப் பார்த்து நிற்கும்.
“இருபது கொண்டை ஊசி குத்தியும்
அடங்காத கூந்தல்” என்பார் மாதேஸ்வரன்.
ஒவ்வொரு முறையும் சொல்வார்.
ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்,
சாயம் நெற்றியில் வழியாத அளவுக்கு.

இந்த மாசம் சிரிப்பில்லை.
தம்பி வாங்கிய லாரிக்கு
இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதை
பேங்க்காரன் போன் செய்துதான் தெரிந்துகொண்டேன்.
மூன்று வாரமாகச்
சோறு, சாவி, கேஸ் சிலிண்டர் எல்லாம்
மகன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன.

ஃபேர்லேண்ட்ஸ் போனேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினேன்.
போட்டுக்கொண்டே வரச் சொன்னார்கள்.
மிசோரமிலிருந்து வந்த பெண், பேர் ரின்புயி,
அச்சு அசல் சேலத்துக்காரியாய்க் கேட்டாள்:
“ஊட்லயே அடிச்சிக்குவீங்களாக்கா?”
திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி
கழுத்தோரக் கறையைத் தொட்டாள்.
வளையத்தில் கோத்த முடிக்கற்றைகளை நீட்டினாள்.
கருப்பிலேயே ஆறு கருப்பு.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
நாற்பத்தைந்து ரூபாய்க் கருப்பு.

பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது.
மல்லாத்தி, வெந்நீர் விட்டு,
முட்டைக்குள் குஞ்சு இருப்பதுபோலத்
தலையை ஏந்தி அலசினாள்.
பாதி தூங்கிவிட்டேன்.

கடைசியில்
“பின்னாடி பாருங்கக்கா” என்று
இன்னொரு கண்ணாடியைப் பிடித்தாள்.
நாற்பத்தெட்டு வயசில்
என் பின்மண்டையை முதன்முதலாய்ப் பார்க்கிறேன்.
உச்சிக்குக் கீழே, இடப்பக்கமாக, ஒரு சுழி.
இருப்பதே தெரியாது எனக்கு.
அவருக்குத் தெரிந்திருக்கும்.
பதினோரு வருஷமாய்ப்
பிரஷ்ஷால் அதைச் சுற்றி வந்திருப்பார்.
சொல்லாமல் வைத்திருந்ததில்
இதுவும் ஒன்று.

ரெண்டாயிரத்து நூறு.
ஜிபே செய்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில்
அவரே தனியாக அடித்து முடித்திருந்தார்.
காது மடலில் கருப்பு,
வாஷ்பேசினில் கருப்பு,
பாத்ரூம் பல்ப் சுவிட்சில்கூட.
பின்னால் மட்டும்
தட்டுவடை அகலத்துக்கு வெள்ளை.

புதன்கிழமை ஆத்தூரில் கல்யாணம்.
ஹெல்மெட் வழக்கம்போல் பெட்ரோல் டேங்க்மேல்.
அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி,
பெத்தநாயக்கன்பாளையம்,
ஐம்பது கிலோமீட்டரும்
அந்தத் தட்டுவடை என் மூக்குக்கு நேரே.

பந்தியில் லாரிக்காரன் பெண்டாட்டி
எல்லோர் காதிலும் விழச் சிரித்தாள்:
“என்ன மாமா, பின்னாடி பௌர்ணமியா?”
அவர் கை தானாகப் பின்னால் போய்
இடம் தெரியாமல் தடவியது.
லாரிமேல் இருந்த கோபத்தைவிட
ஒரு பிடி அதிகமாகவே வந்தது எனக்கு.
இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு.
மிச்சப் பொடியைக் கரைத்தேன்.
ஸ்டூலைக் கால்விரலால் தள்ளினேன்.
“குனிங்க.”
குனிந்தார்.
வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன்.
தரையைப் பார்த்தபடியே கேட்டார்:
“பிரவுனா அது?”
“சாக்லேட்.”
“ம்.”

குழாய் இரண்டு தரம் இருமியது.
அப்புறம் காற்று.
அப்புறம் அதுவும் இல்லை.

“போர் தண்ணியிலயே அலசிடவா?”

“லாரித் தண்ணிதான் வேணும்னா
உங்க தம்பியக் கூப்பிடுங்க.”